மழை பட்டால் தெரியும் நாலெழுத்து

மரண அறிவித்தல். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையை வதிவிடமாகக் கொண்ட பச்சைப் படங்கு, இன்று காலை ஆறேகால் மணியளவில் அடித்த காற்றில் நடுவால் கிழிந்து காலமானது. அன்னார் ஒரு நைலோன் கயிற்றின் பாசமிகு துணையும், நான்கு செங்கற்களின் அன்புத் தோழரும், மொரிஸ் மைனர் கார் ஒன்றின் ஒரே போர்வையும் ஆவார். பூதவுடல் தற்சமயம் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் அஞ்சலிக்காகத் தொங்குகிறது. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், காகங்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.

அங்கிள், இப்படித் தொடங்கினால்தான் எனக்கு எழுத வருகிறது. வானொலியில் உங்களுடைய அறிவித்தலை வாசித்த பெண்மணியும் இதே இழுவையில்தான் வாசித்தார். நான் எங்கள் வீட்டு ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘இது யாரோ செய்கிற பகிடி’ என்று நினைத்தேன். ஒழுங்கையில் பகிடி விடுகிற உரிமை எனக்கு மட்டும்தானே இருக்கிறது, அப்படியென்றால் இது யார் என்று யோசித்தேன். இன்றைக்கு உங்களுக்கு முப்பத்தோராம் நாள். இன்னும் அதே இடத்தில் நின்றுதான் யோசிக்கிறேன்.

படங்கு போன கையோடு மழை வந்தது. நாளைக்கு நீர்கொழும்பிலிருந்து காரை வாங்கின ஆள் வந்து கொண்டுபோகும்வரை அதைப் பார்த்துக்கொள்ளும்படி உங்கள் தங்கச்சி என்னிடம் சொல்லியிருந்தா. அதனால் எங்கள் சாப்பாட்டு மேசைப் பிளாஸ்டிக் விரிப்பை உருவிக்கொண்டு ஓடினேன். ஓடின நான் விரிப்பைப் போடவில்லை. போட மறந்து நின்றேன்.

கூரையிலும் கதவுகளிலும் தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. ஒரு மாதம் கை படாத கார், ஆனாலும் உங்கள் மெழுகு இன்னும் தண்ணீரைத் தன்மேல் ஒட்டவிடாமல் உருட்டிக்கொண்டிருந்தது. பொனட்டிலும் அப்படித்தான், நடுவைத் தவிர. நடுவில் மட்டும் தண்ணீர் திரளாமல், தட்டையாக, ஒரு கண்ணாடித் துண்டுபோலப் படுத்துக் கிடந்தது. அந்தக் கண்ணாடிக்கு உருவம் இருந்தது. நாலு எழுத்து. பளபளா.

என்னுடைய கையெழுத்து. வால் கோணின அந்த ‘ள’வை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும்.

நான் அப்படியே ஒழுங்கை ஓரச் சீமெந்துக் கட்டின்மேல் இருந்துவிட்டேன். மேசை விரிப்பு என் தலையில் கிடந்தது. அந்த எழுத்து அங்கே இருக்க முடியாது, அங்கிள். ஒரு பூச்சு மெழுகு போதும் அதை மூடிவிட. நீங்கள் அதற்குப் பிறகு மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகள், ஒன்றும் தவறாமல், அந்தக் காருக்கு மெழுகு பூசினீர்கள்.

இந்தக் கடதாசி யாருடைய கையிலாவது கிடைத்தால் அவருக்கும் விளங்க வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்த கதையையே உங்களுக்குச் சொல்லப்போகிறேன். கோபிக்காதீர்கள். நீங்கள் கோபிக்கிறதென்றால் எப்படி என்று தெரியும்: வாயால் ஒன்றும் சொல்லாமல் துணியை உதறுவீர்கள்.

துறைமுகக் கந்தோரில் கிளார்க்கு. கொட்டாஞ்சேனையில் பிறந்து, தங்கச்சியோடு வெள்ளவத்தைக்கு வந்து எங்கள் முன்வீட்டில் குடியிருந்தவர். கல்யாணம் செய்யவில்லை. செய்திருந்தால் அந்த மனிசி காரைப் பார்த்துப் பொறாமையில் போயிருப்பா. தலையில் ஒரு மயிர் இல்லை. காரில் ஒரு தூசி இல்லை. இரண்டும் ஒரே மாதிரி மினுங்கியதால் ஒழுங்கைப் பெடியள் நாங்கள் வைத்த பெயர்தான் பளபளா. வைத்தது நாங்கள் இல்லை, நான். இந்த நேரத்திலாவது பெருமையை மற்றவர்களோடு பங்குபோட வேண்டாம்.

உங்கள் கார் என்ன நிறம் என்று கேட்டால் ஒழுங்கையில் நாலு பேர் நாலு பதில் சொல்வார்கள். நிழலில் கறுப்பு. காலை வெயிலில், சோடாப் போத்தலின் அடிப்பாகத்தைக் கண்ணில் வைத்துப் பார்க்கிற பச்சை. மழை மூடினால் கடலின் நிறம். சனிக்கிழமை நீங்கள் பழைய மெழுகைச் சவர்க்காரத்தால் கழுவி எடுத்தபின் பார்க்க வேண்டும், பாவம், அது காய்ந்த கையால் துடைத்த வகுப்புக் கரும்பலகை மாதிரி வெளிறிப்போய் நிற்கும். மறுநாள் ஞாயிறு நீங்கள் டின்னைத் திறப்பீர்கள். அந்த வாசம் எங்கள் வீட்டு மாடிவரை வரும். மெழுகு பூசின இடமெல்லாம் முதலில் வெள்ளைப் புகார் மூடும், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி. அதுதான் எனக்குப் பிடித்த கட்டம், ஏனென்றால் அப்போது விரலால் படம் கீறலாம். நான் கீறிய குரங்குகளுக்குக் கணக்கில்லை. நீங்கள் துணியை எடுத்து நேர்கோட்டில் இழுப்பீர்கள். குரங்கு போகும், புகாரும் போகும், அடியிலிருந்து பச்சை எழும்பி வரும். வர்ணத்துக்குமேல் ஒரு விரலாழத் தண்ணீர் கட்டி நிற்கிற மாதிரி இருக்கும். அதற்குள்ளே எங்கள் வீட்டுப் பல்கனி, கரண்டுக் கம்பி, கம்பியில் காகம், காகத்தின் வாயில் எங்கள் வீட்டு வடை, எல்லாம் தலைகீழாகத் தெரியும்.

“வட்டமாத் துடைச்சா என்ன அங்கிள்? கை நோகாதே,” என்று ஒருதரம் கேட்டேன்.

“வட்டமாத் துடைச்சா வெயிலுக்குச் சிலந்தி வலை தெரியும்.”

“வலை இருந்தா நல்லதுதானே. இலையான் பிடிக்கலாம்.”

“உன்னைப் பிடிக்கலாம் எண்டாச் சொல்லு, இப்பவே துடைக்கிறன்.”

பகிடிக்குப் பகிடி உடனே தருகிற பெரியவர் ஒழுங்கையில் நீங்கள் ஒருவர்தான். மற்றவர்கள் “உன்ர அப்பாட்டச் சொல்லுறன்” என்பார்கள். நீங்கள் ஒருநாளும் அப்பாவிடம் போகவில்லை. நான் உங்கள் கண்ணாடியில் தலை சீவினால், “சீவு, சீவு, எனக்கும் சேர்த்துச் சீவு” என்பீர்கள். ஒருமுறை நான் உங்கள் கதவில் வைத்த ஒற்றை விரலடையாளத்தை, நாலு வீடு தள்ளி நின்றே கண்டுபிடித்தீர்கள். எப்படி என்று கேட்டபோது தலையைச் சரித்துக் காட்டினீர்கள். “நேர பாத்தா உன்ர மூஞ்சிதான் தெரியும். சரிவாப் பார். அப்பதான் பூச்சில என்ன இருக்கெண்டு தெரியும்.”

அந்தச் சரிவான பார்வையை ஏமாற்ற வேண்டும் என்பதுதான் என் வாழ்நாள் இலட்சியமாக இருந்தது. எனக்குப் பதினாறு வயது. வாழ்நாள் என்பது அப்போது மூன்று மாதக் கணக்கு.

கொட்டாஞ்சேனையில் உங்கள் கத்தோலிக்கக் கோயில் திருநாளன்று வாகனங்களை வரிசையாக நிறுத்தி ஆசீர்வதிப்பார்கள். ஓட்டோ, லொறி, மோட்டார் சைக்கிள், ஐஸ்கிரீம் வான் எல்லாம் நிற்கும். சுவாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். உங்கள் காரின் முன்னால் மட்டும் ஒரு நிமிடம் கூட நிற்பார், தன் முகத்தைப் பார்க்க. இதை நீங்களே பெருமையாகச் சொல்லியிருக்கிறீர்கள். கேட்ட உடனே என் மூளையில் மணி அடித்தது. சைவப் பிள்ளையின் மூளையில் உங்கள் கோயில் மணி.

திருநாளுக்கு முதல்நாள் சனிக்கிழமை. திருநாள் என்றபடியால் அன்றைக்கே மெழுகு பூசி முடித்துக் குளிக்கப் போனீர்கள். நீங்கள் குளிக்க இருபது நிமிடம் எடுக்கும், தலை துவட்ட நேரம் தேவையில்லாத மனிதருக்கு அது அதிகம்தான். நெருப்புக் குச்சியில் பஞ்சு சுற்றி, மண்ணெண்ணெயில் தோய்த்து, பொனட்டில் எழுதினேன். எழுதினேன் என்பது பிழை. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மெழுகை மட்டும் கழற்றினேன். பிறகு சவர்க்காரத் துணி, பிறகு உலர்ந்த துணி, நேர்கோட்டில். நேரே பார்த்தால் ஒன்றுமில்லை. காகம், கம்பி, பல்கனி எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. தண்ணீர் பட்டால்தான் தெரியும். மெழுகு இருக்கிற இடத்தில் முத்து, இல்லாத இடத்தில் கண்ணாடி. தீர்த்தம் விழுந்ததும் சுவாமியாரின் கண்முன்னே ‘பளபளா’ என்று எழும்பும், ஊரே சிரிக்கும், என் பெயர் சரித்திரத்தில் ஏறும்.

காலையில் நானும் வருகிறேன் என்று வந்து ஏறினேன். “உனக்கென்னடா எங்கட திருநாளில?” என்றீர்கள். “ரோல்ஸ் தின்ன,” என்றேன். உங்கள் தங்கச்சி அன்ரிக்குக் கால் வீக்கம், வரவில்லை. நீங்கள் ஏறுவதற்கு முன் வழமைபோல் காரைச் சுற்றி ஒருதரம் நடந்தீர்கள். பொனட்டடியில் நின்றீர்கள். தலையைச் சரித்தீர்கள். நீங்கள் நாக்கை ஒருதரம் ‘ட்ச்’ என்று தட்டிவிட்டு வந்து ஏறினீர்கள், சாவியைத் திருப்பினீர்கள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

காலி வீதியில் பம்பலப்பிட்டி தாண்டும்போதே வானம் கறுத்தது. கொள்ளுப்பிட்டிச் செக்பொயின்ற்றில் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு ஆமி ட்ரக் நின்றது. அதுவும் பச்சைதான், அங்கிள், ஆனால் வெளிச்சத்தைக் குடித்துவிட்டுத் திருப்பித் தராத பச்சை. மினுங்கக் கூடாது என்பதற்காகவே அடித்த பூச்சு. எங்கள் பொனட்டில் அந்த ட்ரக் தெரிந்தது, ட்ரக்கில் எங்கள் கார் தெரியவில்லை. நான் அதைச் சொன்னேன். நீங்கள் “பேசாம இரு” என்றீர்கள். நீங்கள் பகிடிக்குப் பகிடி தராத முதல் தடவை அது.

ஒரு இளம் சிப்பாய் வந்து அடையாள அட்டைகளை வாங்கினான். பெயரைப் பார்த்தான், பிறந்த இடத்தைப் பார்த்தான். அந்த நேரம் மழை விழுந்தது. பெரிய துளிகள். அவன் பொனட்டில் கையை ஊன்றி நின்றவன், கையை எடுத்தான். கைக்குக் கீழேயிருந்து ஒரு எழுத்து வந்தது. பிறகு இன்னொன்று. எழுதுகிற ஆள் இல்லாமல், மை இல்லாமல், தண்ணீருக்குள்ளிருந்து தமிழ் எழுத்து எழும்பி அவனைப் பார்த்தது.

அவன் நாலடி பின்னால் பாய்ந்து கத்தினான். துவக்குகள் திரும்பிய சத்தத்தை நான் கேட்டேன். அதுவரை துவக்குக்குச் சத்தம் சுடும்போது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். “பஹின்ன! பஹின்ன!” இறங்கினோம். கைகளை உயர்த்தினோம். பின்னால் வரிசையில் நின்ற கார்கள் எல்லாம் பின்னுக்குப் போயின. ஒரு நிமிடத்துக்குள் அவ்வளவு பெரிய காலி வீதியில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மொரிஸ் மைனரும் மட்டும்.

சார்ஜன்ட் ஒருவர் வந்தார். எழுத்தைக் காட்டி, இது என்ன, யார் எழுதியது என்று கேட்டார். நீங்கள் பார்த்தீர்கள். எழுத்தை இல்லை, என்னை. பிறகு சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னீர்கள், “என்ர கார் சேர். நான்தான் எழுதினனான்.”

சார்ஜன்ட் என் பக்கம் திரும்பினார். “மல்லி,” என்றார், தம்பியைக் கூப்பிடுகிற மாதிரித்தான். “இந்த ஆள் உனக்கு யார்?”

அதற்கு நான் சொன்ன பதிலைக் கடைசியில் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள். ஒழுங்கைக்கு நான் சொன்ன பதிலை முதலில் எழுதுகிறேன், அது வடிவானது.

ஒழுங்கைக்குச் சொன்ன கதையில் நான் ஒரு அடி முன்னால் வைக்கிறேன். “சேர், இவர் என்ர பெரியப்பா மாதிரி,” என்கிறேன், கலப்பில்லாத சிங்களத்தில், செய்தி வாசிக்கிற ஆள் தோற்றுப்போகிற சிங்களத்தில். “பளபளா எண்டால் மினுங்கிறது எண்டு அர்த்தம். அது இவருக்கு நாங்கள் வைச்ச பட்டம். அவற்ற தலையைப் பாருங்கோ.” நீங்கள் தொப்பியைக் கழற்றுகிறீர்கள், உங்கள் தலையில் மழை முத்து முத்தாக நிற்கிறது. சார்ஜன்ட் சிரிக்கிறார், இளம் சிப்பாய் சிரிக்கிறான், காலி வீதியே சிரிக்கிறது. இந்தக் கதையை நான் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். தலையில் முத்து நிற்கிற இடம் மூன்றாவது தடவை சொல்லும்போது சேர்ந்தது.

அன்றைக்குப் பின்னேரம் ஆறரைக்குக் கார் ஒழுங்கைக்குள் வந்தது. சனம் கூடிவிட்டது. நீங்கள் இறங்கினீர்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலைத்தான் பார்த்தேன். வெள்ளைக் காற்சட்டை, திருநாளுக்கென்று தோய்த்து மினுக்கியது, இரண்டு முழங்காலிலும் வட்டமாகச் சேறு. வட்டம் உங்களுக்குப் பிடிக்காது.

அன்ரி நொண்டிக்கொண்டு ஓடிவந்தா. “எங்கண்ணே போனீங்க? திருநாள் நாலு மணிக்கே முடிஞ்சிருக்குமே!”

“கொள்ளுப்பிட்டியில காரைக் குளிப்பாட்டினவங்க,” என்றீர்கள். “எட்டுப் பேர். வாளி வாளியா ஊத்தி, எழுத்து வருது, காயுது, போகுது, திரும்ப ஊத்து எண்டு. கடைசியா ஒரு பெரியவர் வந்து, தமிழ் தெரிஞ்ச ஆளைக் கொண்டு வாசிப்பிச்சுப் பாத்திட்டு, போ எண்டுட்டார். என்ர காருக்கு இப்பிடி ஒரு குளிப்பு சீவியத்தில கிடைச்சதில்லை.”

எல்லாரும் சிரித்தார்கள். அன்ரி சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினா. “நீயும் கூடத்தானே போனாய்? நீ எப்பிடி முதலே வந்தாய்?”

ஒழுங்கை முழுவதும் என்னைப் பார்த்தது. என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. “நான்தான் அன்ரி அவங்களோட சிங்களத்தில கதைச்சு விளங்கப்படுத்தினனான். அதுக்குப் பிறகுதான் என்னை விட்டவங்கள்.”

சொல்லி முடித்துவிட்டு உங்களைப் பார்த்தேன். நீங்கள் தலையைச் சரித்து என்னைப் பார்த்தீர்கள். விரலடையாளத்தைத் தேடுகிற அதே பார்வை. இப்போது துணியை உதறுவீர்கள் என்று நின்றேன்.

“ஓம்,” என்றீர்கள். “பெடியன் நல்லாக் கதைச்சவன்.”

அடுத்த ஞாயிறு கீழேயிருந்து கூப்பிட்டீர்கள்: “டேய் வானரம், துணி இருக்கு, வா.” எனக்கு ட்யூஷன் இருக்கிறது என்றேன். ஞாயிறு காலை ஏழு மணிக்கு எந்த ட்யூஷன்? நீங்கள் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் கூப்பிட்டீர்கள். அதற்குப் பிறகு நான் மாடி யன்னலை மூடிவைத்தேன். மெழுகு வாசம் யன்னல் இடுக்கால் வந்தது. அந்த வாரம்தான் நீங்கள் இந்தப் பச்சைப் படங்கையும் வாங்கினீர்கள். மழை மூட்டம் கண்டால் காரை எடுக்கவே மாட்டீர்கள், பஸ்ஸில் போவீர்கள். கிழவர் மெழுகுக்குப் பயந்து பஸ்ஸில் போகிறார் என்று நான் அதற்கும் ஒரு பகிடி கட்டினேன். படங்குக்கு அடியில் எதை மூடிவைத்திருந்தீர்கள் என்று இன்று காலைதான் விளங்கியது.

பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை. உங்கள் வீட்டில் டெலிபோன் இல்லை, எங்கள் வீட்டுக்குத்தான் வரும். நான் எடுத்தேன். உங்கள் கந்தோரிலிருந்து ஒருவர், உங்கள் பெயரைச் சொல்லி, ஆள் போய்விட்டார் என்றார்.

“எங்க வெடிச்சது?” என்று கேட்டேன்.

“ஒண்டும் வெடிக்கேல்லத் தம்பி. ரீ குடிச்சுக்கொண்டு இருந்தவர். நெஞ்சு.”

எனக்கு அது விளங்கவில்லை. இன்றுவரை சரியாக விளங்கவில்லை. இந்தக் கொழும்பில் ஒரு மனிதர் சும்மா சாகலாமா? ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் ஏறும்போது ஆசனத்துக்கு அடியில் பார்க்கிறோம். அம்மாவும் அப்பாவும் ஒரே பஸ்ஸில் போவதில்லை. வாளிகளுக்கும் துவக்குகளுக்கும் முழங்காலில் நின்று தப்பி வந்த ஆள், கதிரையில் இருந்து பிளேன்ரீ குடிக்கும்போதா? கோப்பை உடையக்கூட இல்லையாம், மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் சாய்ந்தீர்களாம். ஒழுங்கையைக் கடந்து அன்ரியிடம் சொல்லப் போனேன். பதினொரு அடி ஒழுங்கை. நான் வாய் திறந்து முடிக்க முதலே அவவும் அதையேதான் கேட்டா. “எங்க வெடிச்சது?”

இன்றைக்குக் காலைக்கு வருகிறேன். நான் விரிப்புக்கு அடியில் இருந்தபடி எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிட்டப் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தின் ஓரத்திலும் மெழுகு கோடு பிடித்தமாதிரி நின்றிருந்தது. என் பஞ்சு விட்ட ஓரம் அவ்வளவு நேர்த்தி இல்லை. யாரோ விரல்நுனியில் துணியைச் சுற்றி, எழுத்துக்குள் ஒரு பொட்டு மெழுகும் போகாமல், சுற்றிச் சுற்றிப் பூசியிருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும். ஒரு விரலடையாளம் பொறுக்காத மனிதர்.

அப்போதுதான் அடுத்தது உறைத்தது. நாலு வீடு தள்ளி நின்று விரலைக் கண்ட ஆள், அன்று காலை பொனட்டடியில் நின்று தலையைச் சரித்தாரே. ‘ட்ச்’ என்றாரே. நீங்கள் கண்டீர்கள், அங்கிள். வாசித்தீர்கள். சுவாமியாருக்கு முன்னால், பிறந்த ஊர்ச் சனத்துக்கு முன்னால் அது எழும்பும் என்று தெரிந்துகொண்டுதான் சாவியைத் திருப்பினீர்கள். மழையை மட்டும்தான் நீங்கள் யோசிக்கவில்லை. நானும்தான்.

நான் இதை யோசித்துக்கொண்டிருக்கும்போது அன்ரி குடையோடு வந்தா. எழுத்தைக் கண்டா. வாசித்தா. “பளபளா... இன்னும் இருக்கே. இதைத்தான் அவங்க கண்டவங்களோ?” என்று குனிந்து தொட்டா. பிறகு என்னைக் கேட்டா, “அண்ணே இதைத் தானே எழுதினார் எண்டு சொன்னது பொய்யெண்டு எனக்குத் தெரியும். அவற்ற ‘ள’ இப்பிடி இல்லை. இதை ஆர் எழுதினது தம்பி?”

“தெரியாது அன்ரி,” என்றேன்.

அவ என் தலையிலிருந்த விரிப்பை எடுத்து மடித்தா. “பின்னேரம் அஞ்சரைக்குச் செபம். முடிய நீ எழும்பி ரெண்டு வார்த்தை கதைக்கோணும். நீ அண்ணையக் காப்பாத்தின கதையச் சொல்லு. கொட்டாஞ்சேனைச் சனம் எல்லாம் வரும், அவங்க அதைக் கேக்க இல்லை. நீ வடிவாச் சொல்லுவாய்.”

வடிவாகத்தான் சொல்வேன். அதுதான் பயமாக இருக்கிறது.

அவ போனபின் காரைத் துடைத்தேன். நேர்கோட்டில். உங்கள் துணி என் காற்சட்டைப் பையில்தான் ஒரு மாதமாக இருக்கிறது, செத்தவீட்டன்று டின்னுக்கு மேலிருந்து எடுத்தது. களவென்றால் களவு. கூரை, கதவுகள், மட்காட் எல்லாம் துடைத்தேன். நாலு எழுத்தைத் தொடவில்லை. அது தானாகக் காய்ந்து ஒவ்வொன்றாகப் போனது. கடைசியாகப் போனது அந்தக் கோணல் ‘ள’. நாளைக்கு நீர்கொழும்பில் மழை பெய்தால் யாரோ ஒருவர் திடுக்கிடுவார். அவரிடம் ஆர் எழுதினது என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதனால் இங்கேயே சொல்லிவிட வேண்டும், அஞ்சரை மணிக்கு. அதற்கு முதல் உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

உங்கள் பேதுருவின் கதையை நீங்களே எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். அவரைக் குளிருக்கு நெருப்புக் காய்ந்த இடத்தில் வைத்து, உன் குருவைத் தெரியுமா என்று மூன்றுதரம் கேட்டார்கள், மூன்றுதரமும் மறுத்தார். எனக்கு அவ்வளவு சிரமம் தேவைப்படவில்லை. முதல் கேள்விக்கே போதும்.

சார்ஜன்ட் “இந்த ஆள் உனக்கு யார்?” என்று கேட்டபோது, நீங்கள் எனக்காகப் பொய் சொல்லி முடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உங்கள் கை என் தோளுக்குப் பக்கத்தில் உயர்ந்து நின்றது. நான் சொன்னேன்: “மம தன்னே நே சேர்.” எனக்குத் தெரியாது சேர். றோட்டில் மறித்து ஏறினேன், ஆளை எனக்குத் தெரியாது என்று மிச்சத்தை அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் என் அட்டையைத் திருப்பித் தந்து போகச் சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குப் பக்கத்துக் கல்லில் பின்னேரம்வரை இருந்து, ரயில்களை எண்ணினேன். அன்ரியிடம் போய்ச் சொல்லவில்லை. ஒருவரிடமும் சொல்லவில்லை. எட்டுப் பேர் வாளி ஊற்றியபோது நான் ஒன்பதாவது ரயிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

செய்தி வாசிக்கிற ஆள் தோற்றுப்போகும் என் சிங்களத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரும் சொல்ல முதல். பள்ளிக்கூடத்தில் போன தவணை எனக்குச் சிங்களத்துக்கு முப்பத்திரண்டு மார்க்ஸ். ஒரு வசனம்கூட உருப்படியாக எழுதத் தெரியாது என்று ரீச்சர் கொப்பியில் எழுதிவிட்டிருக்கிறா. அவவுக்குத் தெரியாது, அங்கிள். கொள்ளுப்பிட்டியில் அன்றைக்கு ஒன்று சொன்னேன், தடங்கலில்லாமல், ஒரு பிழையும் இல்லாமல். என் சீவியத்தில் நான் சரியாகச் சொன்ன ஒரே சிங்கள வசனம் அதுதான்.